இணையத்தில் எழுதும் உரிமை, எழுதுவோரின் பொறுப்பு, அரசின் பதில்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் திருகோணமலை நகரிலும் ஊர்ப் பிரச்சினைகளை முகநூலில் எழுதியும் யூரியூப்பில் பேசியும் வருகிறவர்கள், குறிப்பாக இளையோர், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு இவை ஈடாகமாட்டா. ஆனால் சட்டத்தரணியைத் தேடிப் போகவேண்டிய நிலை வருவதற்கு முன்பே ஒருவர் அறிந்திருக்க வேண்டியவை இவை.

அரசாங்கத்தையோ அரச அலுவலர் ஒருவரையோ இணையத்தில் விமர்சிப்பது குற்றமா?

குற்றமன்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் உறுதிசெய்கிறது. 15 ஆம் உறுப்புரை அதற்குச் சில எல்லைகளை வகுக்கிறது. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆட்சியில் இருப்பவரின் கௌரவத்தைக் காப்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் 'ஜன கோஷா' என்ற பெயரில் மணி அடித்தும் சத்தம் எழுப்பியும் அரசுக்கு எதிர்ப்புத் தெரிவிக்குமாறு மக்களை அழைத்தன. அதைப் பொலிஸார் தடுத்தமை தொடர்பான வழக்கில் 1993 இல் உயர் நீதிமன்றம், அவ்வாறு எதிர்ப்பைக் காட்டுவதும் பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அமைதியான எதிர்ப்பை இன்று நசுக்கினால் அது இன்னொரு நாள் வன்முறையாக வெடிக்கும் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது. இணையம் இந்நாட்டு மக்களின் கைக்கு வராத காலத்தில் எழுதப்பட்ட அந்த வரிகள் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

அப்படியானால் எழுதியவர்கள் ஏன் கைதாகிறார்கள்?

காரணம் அரசியலமைப்பில் இல்லை, அதற்குக் கீழுள்ள சட்டங்களிலும் அவை கையாளப்படும் விதத்திலும் இருக்கிறது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவதற்கென 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இன, மத வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுவதை அதன் 3 ஆம் பிரிவு தடைசெய்கிறது. நோக்கம் நல்லது, சிறுபான்மையினரைக் காப்பதற்கே அப்பிரிவு எழுதப்பட்டது. ஆனால் அதன் கீழ் கைதானவருக்கு நீதவானால் பிணை வழங்க முடியாது என்றும், மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில், வழங்கலாம் என்றும் அச்சட்டம் எழுதப்பட்டது. அந்த ஒரு வரியே அதைக் கையாள்வோருக்குப் பெரும் ஆயுதமாயிற்று.

சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஓய்வுபெற்ற அரச அலுவலரான ரம்ஸி ராசிக், பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு கருத்துப் போர் புரியவேண்டும் என்று முகநூலில் எழுதினார். அந்தப் போரை 'ஜிஹாத்' என்ற சொல்லால் அவர் குறிப்பிட்டமையே 2020 ஏப்ரலில் அவரைச் சிறைக்கு அனுப்பியது. ஐந்து மாதங்களுக்குப் பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது. அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்குமாறு உத்தரவிட்டது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்குப் பின் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் விடுதலையானார்.

மூவருமே இறுதியில் வழக்கிலிருந்து விடுபட்டார்கள் அல்லது நீதி பெற்றார்கள். ஆனால் அந்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. குற்றம் நிரூபிக்கப்படாமலே தண்டனை முடிந்துவிடுகிறது என்பதுதான் இங்குள்ள அநீதி. இதே காலத்தில், கூட்டம் கூட்டி மேடையில் வெளிப்படையாக இனவெறுப்பைக் கக்கியவர்கள் பலர் இச்சட்டத்தால் தொடப்படவே இல்லை. ஒரு சட்டம் யாரைப் பிடிக்கிறது என்பதோடு யாரை விட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எதற்காகப் பயன்படுகிறது என்பது விளங்கும்.

2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ன செய்கிறது?

2024 ஜனவரி 24 ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டம், ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை ஏற்படுத்துகிறது. அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலுடன் ஜனாதிபதி அதன் உறுப்பினர்களை நியமிக்கிறார். 'தடைசெய்யப்பட்ட கூற்று' என்று கருதப்படும் பதிவுகளை நீக்குமாறு அறிவித்தல் விடுக்க அந்த ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. பொய்யான கூற்றால் தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ ஆபத்து விளைவித்தால் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

ஆபாசப் படங்களைப் பரப்பி மிரட்டுவோரிடமிருந்தும், சிறுவரைத் துன்புறுத்துவோரிடமிருந்தும் பாதுகாப்புத் தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்தப் பாதுகாப்பைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு, எது உண்மை, எது பொய் என்று முடிவுசெய்யும் வேலையை நிறைவேற்று அதிகாரத்தின் நியமனத்தில் தங்கியிருக்கும் ஒரு குழுவிடம் ஒப்படைத்ததே என் எதிர்ப்புக்குக் காரணம். சட்டத்தைத் திருத்துவோம் என்ற வாக்குறுதிகள் அப்போதிருந்தே சொல்லப்பட்டு வருகின்றன. ஆகவே நீங்கள் இதை வாசிக்கும் நாளில் எந்த வடிவம் நடைமுறையில் உள்ளது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பொய்ச் செய்தியால் கடைகளும் வீடுகளும் எரிந்திருக்கின்றனவே, அரசு தலையிட வேண்டாமா?

தலையிட வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி. சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனையும் எரிந்தது. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் அரசு தலையிட்ட விதத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் மீண்டும் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் மக்கள் வீதிக்கு வந்தபோது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் மறுபடியும் முடக்கப்பட்டன. 2018, 2019 முடக்கங்களுக்கு வன்முறையைக் காரணம் காட்டலாம். 2022 இல் தடுக்கப்பட்டது அரசுக்கு எதிரான கண்டனம். ஒருமுறை கைக்குக் கிடைத்த அதிகாரம் எந்தத் திசையில் நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வதந்தியை அடக்கும் முதல் வழி, உரிய அலுவலர் உரிய நேரத்தில் உண்மையை மக்களின் மொழியில் சொல்வதே. திருகோணமலையில் தமிழ் பேசும் மக்களுக்கு முக்கியமான அறிவித்தல்கள் பல நேரங்களில் முதலில் சிங்களத்தில் வருகின்றன. தமிழில் தாமதமாகவும் பிழைகளோடும் வருகின்றன, சில வேளைகளில் வருவதே இல்லை. அந்த இடைவெளியில்தான் வட்ஸ்அப் குரல் பதிவு புகுந்துகொள்கிறது. அறிவித்தலைத் தாமதித்த அலுவலகத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

நம் ஊரில் சமூகங்களுக்கு இடையே பிரச்சினை எழும்போது எப்படி எழுதுவது?

2018 ஏப்ரலில் நகரிலுள்ள ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது தொடர்பாக எழுந்த சர்ச்சையை நினைத்துப் பாருங்கள். பாடசாலை வாசலில் நின்று பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒரு விடயம், இரண்டு பக்கத்துப் பதிவுகளாலும் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு அணிகளின் மோதலாகப் பெருகியது. லண்டனிலும் டோஹாவிலும் இருந்துகொண்டு எழுதியவர்களுக்கு மறுநாள் காலையில் அதே சந்தையில் அதே மனிதரிடம் மீன் வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நமக்கு இருந்தது.

ஒரு சமூகத்தின் நடைமுறையையோ ஒரு நிறுவனத்தின் முடிவையோ விமர்சிக்கலாம், கடுமையாகவும் விமர்சிக்கலாம். 'அவர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று எழுதத் தொடங்கும்போதே விமர்சனம் முடிந்து வெறுப்பு தொடங்கிவிடுகிறது. சம்பந்தப்பட்ட மறுபக்கத்தவர் ஒருவரிடமாவது பேசாமல் இத்தகைய பதிவை வெளியிடாதீர்கள். மூன்று சமூகங்கள் அருகருகே வாழும் மாவட்டத்தில் அப்படி ஒருவரைத் தேடுவது கடினமன்று.

வீதி வேலையில் காசு அடிக்கப்பட்டிருப்பதாக ஊரே பேசுகிறது, கையில் ஆதாரம் இல்லை. எழுதலாமா?

எழுதுவதற்கு முன் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2015 இல், 19 ஆம் திருத்தம் தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கி அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்தது. இந்நாட்டில் எழுதுகிறவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி இதுவே என்பது என் உறுதியான கருத்து. இங்கே அதைப் பயன்படுத்துகிறவர்கள் போதாது.

'இந்த வீதியில் ஊழல் நடந்ததா?' என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். உங்கள் ஒழுங்கையில் கொங்கிரீட் போட்டு ஆறு மாதத்தில் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, அந்த வேலைக்கான மதிப்பீட்டின் பிரதி, விலைமனு கோரிய அறிவித்தல், தெரிவான ஒப்பந்தக்காரரின் பெயரும் ஒப்பந்தத் தொகையும், கொங்கிரீட்டின் தடிப்பு இத்தனை அங்குலம் என்று குறித்த பக்கம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலையை அளந்து ஒப்பமிட்ட அளவீட்டுப் பதிவு, கொடுப்பனவுச் சிட்டைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். பிறகு அளவு நாடாவுடன் வெடித்த இடத்துக்குப் போய், உடைந்த விளிம்பில் தடிப்பை அளந்து, நாடா தெரியும்படி படம் எடுங்கள். கடதாசியில் ஆறு அங்குலமும் வீதியில் நான்கு அங்குலமும் இருந்தால், 'கள்ளர்' என்ற சொல்லை நீங்கள் எழுதவே தேவையில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒருவருடைய உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் போகலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களைப் பற்றி, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடமை அமைச்சரிடம் உள்ளது. இதை எத்தனை திட்டங்களில் கண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அறிவிக்காமல் விட்டதே எழுதத்தக்க செய்தி.

தகவல் கேட்டால் அலுவலர்கள் பகைத்துக்கொள்வார்களே?

சில இடங்களில் அப்படி நடப்பதுண்டு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கிராம உத்தியோகத்தரின் கையொப்பமோ அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவோ தேவைப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவர் தம் பெயரில் கேட்கத் தயங்கினால், அந்த அலுவலகத்தில் தேவை எதுவும் இல்லாத வேறொருவர் கேட்கலாம். இலங்கைப் பிரசை எவரும் எந்தப் பகிரங்க அதிகாரசபையிடமும் கேட்க முடியும்.

பெரிய தேசியத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது என்ன கவனம் வேண்டும்?

எண்களில் கவனம் வேண்டும். 'சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள்' என்று எழுதுவது எளிது. 2022 ஜனவரி ஒப்பந்தங்களின்படி 99 குதங்களில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் 50 ஆண்டுக் குத்தகையின் அடிப்படையில் பிரிக்கப்பட்டன. இதை எதிர்ப்பதற்கும் ஆதரிப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 'விற்றார்கள்' என்று எழுதினால், அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு அமைச்சர் முழுக் கேள்வியிலிருந்தும் தப்பிவிடுவார்.

உண்மையையே எழுதினால் அவதூறு வழக்குப் போட முடியாதுதானே?

போட முடியும். அவதூறைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டன. ஆகவே அவதூறு என்ற காரணத்துக்காக மட்டும் பொலிஸார் உங்களைக் கைதுசெய்ய முடியாது. நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு இன்னும் இருக்கிறது. நம் நாட்டில் பின்பற்றப்படும் உரோம ஒல்லாந்துச் சட்டத்தின்படி, எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஓர் அலுவலர் பொதுப்பணத்தை எப்படிச் செலவிட்டார் என்பது பொதுநன்மை. அவருடைய குடும்பத்துக்குள் நடப்பது அப்படியன்று. சட்டத்தரணியின் கடிதம் வந்தால் பயத்தில் உடனே பதிவை அழிக்கவும் வேண்டாம், வீறாப்பாகப் பதில் பதிவு போடவும் வேண்டாம். பதிவையும் ஆதாரங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். வசதி இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இறந்தவர்களின் படங்களை வெளியிடலாமா?

பெரும்பாலும் கூடாது. விபத்து நடந்த இடத்தில் குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே முகநூலில் உடலைக் காட்டுவது மனிதத்தன்மையற்ற செயல். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றமும் ஆகும். பெயரை மறைத்துவிட்டு ஊர், பாடசாலை, தகப்பனின் தொழில் என்று எழுதுவதும் அடையாளம் காட்டுவதுதான்.

ஆனால் 'எப்போதும் கூடாது' என்று நான் சொல்லாததற்குக் காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று அதிகாரத் தரப்பு சொன்னது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள், அவர்கள் தலையில் சுடப்பட்டதைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் போக வீதியில் நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் 2013 இல் கைதான விசேட அதிரடிப் படையினர் 13 பேரும், சாட்சியம் போதாது என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சுகிர்தராஜனின் கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் அரசின் பொய்யே பதிவாக நின்றிருக்கும். அவர் அவற்றைப் பரபரப்புக்காக வெளியிடவில்லை, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு எதிராகவும் வெளியிடவில்லை. படம் இல்லாமல் உண்மையை நிறுவ வேறு வழி உண்டா, குடும்பத்தவர் இதை விரும்புகிறார்களா, இதனால் யாருக்கு வெளிச்சம் கிடைக்கிறது என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். பொறுப்போடு எழுதுங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் அரசு, பொறுப்போடு எழுதியவரைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பொறுப்பு என்பது வாசகருக்கும், எழுதப்படுகிறவருக்கும் நாம் செலுத்தும் கடமை. அதை அரசுக்குக் காட்டும் பணிவாக எவரும் மாற்ற விடக்கூடாது.

புனைபெயரில் எழுதலாமா?

எழுதலாம். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து இருக்கும் இடத்தில் அது நியாயமான பாதுகாப்பு. இன்னொருவரின் பெயரிலும் படத்திலும் கணக்கு வைத்திருப்பது மோசடி.

என் பதிவின் கீழ் மற்றவர்கள் எழுதும் பின்னூட்டங்களுக்கு நான் பொறுப்பா?

சட்டம் எப்படியிருந்தாலும், இனவசையும் வன்முறைக்கான அழைப்பும் உங்கள் பக்கத்தில் கிடக்க விடுவது உங்கள் தெரிவு. ஆனால் உங்களை விமர்சிக்கும் பின்னூட்டத்தை அழிக்காமல் விட்டுவையுங்கள். அரசிடம் பதில் கேட்கிறவர் தம்மிடம் கேட்கப்படும் கேள்வியை அழிக்கக் கூடாது.

பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் 'ஒரு சின்ன விசாரணை, வந்து போங்கள்' என்று அழைத்தால்?

எந்த முறைப்பாடு, யார் முறையிட்டது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டு, எழுத்தில் அழைப்பாணை தருமாறு மரியாதையாகச் சொல்லுங்கள். அழைத்தவரின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். தனியாகப் போக வேண்டாம், இயன்றவரை சட்டத்தரணியுடன் போங்கள். போகும் இடத்தை வீட்டிலும் நம்பிக்கையான இருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

திருகோணமலையில் அடிக்கடி நடப்பது இதுதான்: நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, உத்தியோகத்தர் பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போவார். முடிவில் புத்தகத்தைத் திருப்பி உங்கள் பக்கம் தள்ளி, பேனாவைக் கையில் தந்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் பதியுமாறு கேளுங்கள். முடியாது என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். வற்புறுத்தி ஒப்பம் வாங்கினால், 'வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது' என்று தமிழில் எழுதி அதன் கீழ் ஒப்பமிடுங்கள்.

கைதுசெய்தால் காரணத்தை அறிவிக்க வேண்டும் என்று 13(1) உறுப்புரை சொல்கிறது. உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த அவகாசத்தில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுத்து, திகதியும் முத்திரையும் இட்ட பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.